ஒன்பது கலோரி

கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியது
ஒரே வரி: மூன்று மாதம், நாலு கிலோ.
எழுத்து விளங்கவில்லை என்று
வீடு வரைக்கும் எனக்கே நடித்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு வேலை தபால் கந்தோரில், பொதி நிறுப்பது.
மிளகாய்த்தூள் ரொறன்ரோவுக்கு இரண்டே கால்,
ஒடியல் மா ஒஸ்லோவுக்கு ஒன்று எண்ணூறு.
"ஐம்பது கிராம் கூடுது, எதையாவது எடுங்கோ" என்று
பதினாறு வருசமாய்ச் சனத்துக்குச் சொன்ன வாய் இது.
எடுக்க முதல் அவர்கள்
பெட்டிக்குள் பார்க்கும் அந்தப் பார்வை
இப்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி வீதி சுப்பர்மார்க்கற்.
குளிருக்குள் நின்று வாசிக்கிறேன்,
சோதனைத்தாள் போல, பக்கற்றின் பின்பக்கம்.
சிவப்பு வட்டம், மஞ்சள் வட்டம், பச்சை வட்டம்.
வட்டம் பச்சையாய் இருப்பதெல்லாம்
விலையில் சிவப்பாய் இருக்கிறது.
பில் போடும் பெடியன் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்:
"அன்ரி, இதை ஒருத்தரும் எடுக்கிறேல்லை.
திகதியை ஒருக்காப் பாருங்கோ."

முதலில் சீனிக்குப் பதில் ஒரு தூள்.
உள்ளங்கையில் கொட்டி நக்குத் தேத்தண்ணி குடித்தேன்.
இனிப்பு உடனே வரவில்லை.
தாலி கட்டி முடிந்தபின் வந்து
பந்தி முடிந்தும் எழும்பாத சித்தப்பா மாதிரி
அடிநாக்கில் குந்திக்கொண்டது,
இரவு எட்டு மணி வரைக்கும்.

பிறகு கொழுப்பெடுத்த தயிர்.
கொழுப்பை எடுத்த ஆள்
தயிரிலும் கொஞ்சம் எடுத்துவிட்டார்.
மோர்மிளகாய் பொரித்துப் போட்டேன்.
எண்ணெய் எவ்வளவு என்று கேட்கவேண்டாம்.

அரிசி வட்டம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.
மீன்பெட்டி றெஜிபோமைக் கடித்தவருக்குத் தெரியும்.

கடைசியில் அந்த நூடில்ஸ்.
யப்பான் பக்கத்துக் கிழங்கு மாவாம்,
ஒரு கோப்பைக்கு ஒன்பது கலோரியாம்.
வெட்டியதும் பக்கற்றுக்குள்ளால்
பாசையூர்க் கரையின் விடிய நாலரை மணி மணந்தது.
நாலு தரம் கழுவினேன். ஐந்தாம் தரம் கும்பிட்டேன்.
வெறுஞ்சட்டியில் பிரட்ட
கீச்சுக் கீச்சென்று கத்தியது.

இவர் ஒரு இழையைத் தூக்கி
லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
"இது இடியப்பமில்லையப்பா,
இடியப்பத்தின்ரை ஆவி."
சாருகா சிரித்துப் புரைக்கேறினாள்.
நான் சிரிக்கவில்லை.
கந்தோர் மாடிப்படியில் பாதியிலே நின்று
நோட்டீஸ் வாசிப்பதுபோல் மூச்சு வாங்குவதை
இவர்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்லவில்லை.

அடுப்பில் நண்டுக்குழம்பு இருந்தது.
ஒரு அகப்பை, சரி, இரண்டு அகப்பை
மேலே விட்டேன்.
ஆவிக்கு உடம்பு வந்தது.
முருங்கையிலை ஒட்டிய இழைகளை உறிஞ்ச உறிஞ்ச
உறைப்பு மூக்கால் ஓடியது.
பேசாமல் இவர் கோப்பையை நீட்டினார்.
ஒன்பது கலோரியில் அவருக்கு நாலரை.

இன்றைக்குக் கந்தோர் பூட்டுகிற நேரம்
றெஜினா வாசலில் காவல் நிற்க,
சாக்குப்பொதி நிறுக்கிற தராசில் ஏறினேன்,
செருப்பைக் கழற்றி, கைக்கடிகாரத்தையும் கழற்றி.
ஒரு கிலோ இருநூற்றைம்பது குறைவு.

"முத்திரை எவ்வளவு வரும்?" என்றாள்.
"எந்த நாட்டுக்கு எண்டு தெரியவேணுமே."
"திரும்பி வராத இடமாப் பார்த்து அனுப்படி."

வெளியே வந்தோம். மூலைக்கடையில்
உழுந்துவடை எண்ணெயால் ஏறிக்கொண்டிருந்தது.
அவள் ஒன்று வாங்கினாள்.
எனக்குத் தெரியாத பக்கமாய்ப் பிடித்துக்கொண்டு
பஸ் நிலையம் வரைக்கும் நடந்தாள்.
நல்லவள்.
காற்றுத்தான் என் பக்கம் அடித்தது.